மாதர் கூடைப்பந்தின் சரித்திரம் – 14: பார்மாவிலிருந்து ஹூஸ்டன் வரை

சென்ற பகுதியை 1981-ஆம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். 1978 டிசம்பர் 9-ஆம் தேதி மில்வாக்கி நகரத்து அரங்கில் 7,824 ஜனங்களின் முன்னிலையில் தொடங்கிய அந்த முதல் மாதர் தொழில்முறை லீக், மூன்று பருவங்கள் தட்டுத் தடுமாறி நடந்து, சம்பளம் கொடுக்க வழியின்றி, குழு குழுவாகக் கலைந்துபோன கதையைச் சொன்னோம். அதற்குப் பின் 1996 இலையுதிர்காலம் வரையில் அமெரிக்க நாட்டிலே, கல்லூரிப் படிப்பை முடித்த ஒரு பெண் கூடைப்பந்தாட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டு வாழ்வதற்கு நிலையான இடம் ஒன்றும் இருக்கவில்லை. இடையிடையே சில பிரயத்தனங்கள் நடந்தன. 1984-இல் ஒரு லீக் எழுந்து அந்த ஆண்டுக்குள்ளேயே மறைந்தது. 1991-இல் வேறு சிலர், கூடையின் உயரத்தைத் தாழ்த்திவிட்டு, ஆடுபவருக்கு உடலோடு ஒட்டிய உடையை அணிவித்து, ஒரு காட்சியாட்டம் நடத்திப் பார்த்தனர். அவ்வாறு செய்தவர்களுக்கு ஆட்டத்தின்மேல் நம்பிக்கையில்லை என்பது அவர்கள் செய்கையிலேயே வெளிப்பட்டது. நம்பாதவர் கட்டிய வீட்டில் யார்தான் குடியேறுவர்?

சரித்திர நூல்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளை ஒரு வெற்றிடமாகக் கருதி, ஒரே வாக்கியத்தில் தாண்டிச் சென்றுவிடுகின்றன. எனக்கோ அவ்விதம் தாண்ட மனம் வருவதில்லை. ஸ்தாபனங்கள் இல்லாத காலத்திலும் மனிதர் இருந்தார்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. விளையாட்டு வீரருக்கோ வயதைவிட அரிய பொருள் இல்லை. ஆதலால் இந்தப் பகுதியை ஒரு தனிமனிதரின் வரலாறாகவே எழுதத் துணிகிறேன். அவர் பெயர் சிந்தியா கூப்பர். முதல் லீக் கலைந்த 1981-இல் அவருக்கு வயது பதினெட்டு. நிலைத்து நின்ற லீக் தொடங்கிய 1997-இல் வயது முப்பத்து நான்கு. ஒரு விளையாட்டு வீராங்கனையின் இளமை எவ்வளவு நீளமோ, சற்றேறக்குறைய அவ்வளவு நீளமாகவே அந்த வெற்றிடமும் அமைந்திருந்தது.

கூப்பர் 1963 ஏப்ரல் 14-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தவர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியிலுள்ள வாட்ஸ் என்னும் பேட்டையில். 1965-ஆம் ஆண்டுக் கலவரத்தால் உலகமெல்லாம் அறிந்த இடம் அது. கறுப்பின மக்கள் வறுமையோடும் போலீஸ் கெடுபிடியோடும் வாழ்ந்த இடம். எட்டுக் குழந்தைகளைத் தாய் மேரி காப்ஸ் ஒருவரே உழைத்துக் காப்பாற்றினார். இந்தத் தாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவரைப் பற்றி மீண்டும் பேச நேரும். கூப்பர் பந்தைக் கையில் எடுத்ததே பதினாறாம் வயதில்தான். ஓட்டப் பந்தயத்திலும் தடை தாண்டுதலிலும் பழகிய கால்கள் அவருடையவை. அந்தக் கால்களின் வேகத்தையே மூலதனமாகக் கொண்டு, லாக் உயர்நிலைப் பள்ளியின் குழுவை இரண்டொரு ஆண்டுகளில் மாநிலத்தின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றவர்களில் அவர் தலையாயவர். அங்கிருந்து தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி முன்னரே விரிவாகக் கண்டோம். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் என்ற பேதம் காட்டலாகாது என்னும் அந்தச் சட்டத்தின் பயன், கூப்பரைப் போன்ற ஏழைப் பெண்களுக்கு உதவித்தொகை என்ற உருவத்தில் வந்து சேர்ந்தது. அவர் சேர்ந்த குழுவோ சாமானியமான குழுவன்று. அக்காலத்து அமெரிக்காவில் ஈடு இணையற்றவர் என்று சொல்லப்பட்ட ஷெரில் மில்லர் அதிலே இருந்தார். பாம் மெகீ, பாலா மெகீ என்ற இரட்டைச் சகோதரியர் இருந்தனர். பயிற்சி அளித்தவர் லிண்டா ஷார்ப். 1983-இல் லூசியானா டெக் குழுவை 69–67 என்ற கணக்கிலும், மறு ஆண்டில் டென்னஸி குழுவை 72–61 என்ற கணக்கிலும் வென்று, இருமுறை தேசியப் பட்டம் பெற்றார்கள். 1986-இல் மூன்றாவது முறையும் இறுதி ஆட்டம் வரை சென்று, டெக்ஸஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள்.

இந்த வெற்றிகளிலே கூப்பருக்கு உரிய பங்கு யாது என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் முன்வரிசை நட்சத்திரம் அல்லர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பதும், பந்தைப் பறித்தவுடன் மின்னலென ஓடுவதும் அவருக்கு ஒதுக்கப்பட்ட காரியங்கள். கூடையில் பந்து போடுவது மில்லருக்கும் மெகீ சகோதரிகளுக்கும் உரிய காரியமாக இருந்தது. பத்திரிகைகள் மில்லரைப் பற்றி எழுதின. புகைப்படங்களில் கூப்பர் ஓரத்தில் நின்றார். 1986-ஆம் ஆண்டு வசந்தத்தில் கல்லூரி ஆட்டம் முடிந்தபோது, அமெரிக்காவைப் பொறுத்தவரையில் அவர் கதையும் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். அதே பருவத்தில் கல்லூரியை விட்ட ஆடவர் பலருக்கு லட்சக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் காத்திருந்தன. பெண்களுக்கு ஆசிரியர் வேலை இருந்தது. பயிற்றாசிரியருக்கு உதவியாளராகச் சேரும் வேலை இருந்தது. ஆட்டத்தையே தொடர விரும்புவோருக்கு விமானச் சீட்டு ஒன்றுதான் இருந்தது.

கூப்பர் முதலில் ஸ்பெயின் தேசத்துக்குச் சென்றார். வாலென்சியாவை அடுத்த பெடேரா என்னும் சிற்றூரின் குழுவுக்கு ஒரு பருவம் ஆடிவிட்டு, 1987-இல் இத்தாலியின் வடபகுதியிலுள்ள பார்மா நகருக்குப் போனார். பாலாடைக்கட்டிக்கும் உப்பிட்ட பன்றியிறைச்சிக்கும் பெயர்பெற்ற அந்தப் பழம்பெரும் ஊரில், இடையில் ஸிஸிலித் தீவின் மேற்கு மூலையிலுள்ள அல்காமோவில் கழித்த இரண்டு பருவங்கள் நீங்கலாக, 1997 வரையில் அவர் வாழ்க்கை கழிந்தது.

ஐரோப்பிய மாதர் லீக்குகளின் நடைமுறையை இங்கே சற்று விளக்குவது அவசியம். அது விளங்காமல் கூப்பர் பின்னாளில் காட்டிய ஆட்டம் விளங்காது. அக்காலத்தில் அங்கே ஒரு குழுவில் அயல்நாட்டவர் ஒருவரோ இருவரோ மட்டுமே இடம்பெற முடிந்தது. அவ்வாறு பணம் கொடுத்து வரவழைக்கப்பட்டவர், உள்ளூர்ப் பெண்களுக்குச் சமமாக ஆடினால் போதாது. குழுவின் புள்ளிகளில் பெரும்பங்கை அவரே சேர்த்துத் தரவேண்டும் என்பது எழுதாத விதி. ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படுவது. குழு தோற்றுக்கொண்டே இருந்தாலும், ஆட்டக்காரரின் முழங்கால் பழுதுபட்டாலும், அவருடைய இடத்துக்கு அடுத்த அமெரிக்கப் பெண்ணை வரவழைத்துக்கொள்வார்கள். அரங்கம் சிறியது, பார்க்க வருவோர் அந்த ஊரார். கடைத்தெருவில் ரொட்டி வாங்கப் போனாலும் நேற்றைய ஆட்டத்தில் தவறவிட்ட பந்தைப் பற்றி ஒருவர் விசாரிப்பார். மொழி தெரியாமல் அந்த ஊரில் வாழ இயலாது. கூப்பர் இத்தாலிய மொழியைக் கற்றுச் சரளமாகப் பேசலானார்.

கல்லூரியில் நான்காவது பேராக நின்ற ஒருவர், அந்நிய நாட்டில் ஒவ்வோர் இரவும் முதற்பேராக நிற்கவேண்டி வந்தது. இந்தக் கட்டாயமே அவரை உருமாற்றியது என்பது என் அபிப்பிராயம். இத்தாலிய லீக்கின் மிக அதிகப் புள்ளி சேர்த்தவர் என்ற பட்டம் அவரைப் பன்முறை வந்தடைந்தது. மறித்து ஓடுபவர் என்றிருந்தவர், எவ்விடத்திலிருந்தும் எறிபவராக, இருவர் மூவர் சூழ்ந்து நின்றாலும் இடையே நுழைந்து கூடையை எட்டுபவராக மாறினார்.

இதிலே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. புள்ளிவிவரப் பட்டியல்களை மட்டும் பார்ப்பவர் அதைக் கவனிப்பதில்லை. கூப்பர் கல்லூரியில் ஆடிய காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மாதர் ஆட்டத்திலே மூன்று புள்ளிக் கோடு கிடையாது. அவர் வெளியேறிய மறு ஆண்டில்தான் அது வந்தது. ஐரோப்பாவிலோ 1984 முதலே சர்வதேசச் சங்கத்தின் கோடு 6.25 மீட்டர் தூரத்தில் வரையப்பட்டிருந்தது. மேலும், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் எண்பதுகளின் நடுவிலேயே சற்றுச் சிறிய பந்துக்கு மாறிவிட்டார்கள்; சர்வதேச ஆட்டத்திலே பெண்களும் ஆடவர் ஆடும் அதே பெரிய பந்தைக் கொண்டே 2004 வரையில் ஆடினார்கள். ஆகவே பத்தாண்டுகளுக்கு மேலாகக் கூப்பர் பெரிய பந்தைத் தூரத்துக் கோட்டிலிருந்து எறிந்து பழகினார். பிற்பாடு ஹூஸ்டனுக்கு வந்தபோது அவர் கையில் கொடுக்கப்பட்டது சுற்றளவில் ஓர் அங்குலம் குறைந்த பந்து. எறியவேண்டிய கோடும் சுமார் 6 மீட்டருக்கு நெருங்கி வந்திருந்தது. முப்பத்து நான்கு வயதுப் பெண்ணின் எறிதல் திடீரென்று அவ்வளவு துல்லியமாக எப்படி அமைந்தது என்று வியந்தவர்கள், பார்மாவின் சிறிய அரங்கத்தைப் பார்த்திருக்கவில்லை.

தேசியக் குழுவின் வாயிலாக மட்டும் அவர் பெயர் அவ்வப்போது தாய்நாட்டுக்கு எட்டியது. 1986-இலும் 1990-இலும் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கக் குழுக்களில் அவர் இருந்தார். 1988-இல் ஸியோல் ஒலிம்பிக்கில், யூகோஸ்லாவியாவை இறுதியில் வென்று தங்கம் பெற்ற குழுவிலும் இருந்தார். 1992-இல் பார்ஸிலோனாவில், சிதறிப்போன சோவியத் நாடுகளின் ஒருங்கிணைந்த குழு அமெரிக்கரை அரையிறுதியில் வீழ்த்தியது. கூப்பருக்குக் கிடைத்தது வெண்கலம். அதே பார்ஸிலோனாவில் மாஜிக் ஜான்ஸன், மைக்கேல் ஜோர்டன் முதலியோர் அடங்கிய ஆடவர் குழு, உலகத்தாரின் கண்களையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொண்டது. மாதர் குழுவின் தோல்வியைப் பற்றி வருந்தக்கூட ஆளில்லாத அளவுக்கு அந்தப் பிரகாசம் இருந்தது.

அந்த வெண்கலத்தின் விளைவு 1995-இல் தெரிந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம், டாரா வான்டெர்வீர் என்ற பயிற்றாசிரியரின் கீழ் ஒரு நிரந்தரக் குழுவை அமைத்து, ஏறத்தாழ ஓராண்டு காலம் உலகைச் சுற்றி ஆடச் செய்தது. அறுபது ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் அந்தக் குழு தங்கம் வென்றது. ஷெரில் ஸ்வூப்ஸ், லீசா லெஸ்லி, ரெபெக்கா லோபோ என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு பழகின. மாதர் ஆட்டத்துக்குக் காசு கொடுத்துப் பார்க்க ஜனங்கள் உண்டு என்பதை முதலாளிமாருக்கு நிரூபித்தது அந்தக் குழுவே. அதிலே கூப்பருக்கு இடமில்லை. இத்தாலியில் முப்பத்து மூன்று வயது வரை ஓயாமல் புள்ளி குவித்துக்கொண்டிருந்தவர், தமது நாட்டில் மாதர் கூடைப்பந்துக்கு விடிவு பிறந்த அந்தக் கோடையில், விடிவைக் கொணர்ந்தவர்கள் வரிசையில் இல்லாமற் போனார். வயது ஒரு காரணமாயிருக்கலாம். கண்ணுக்கெட்டாத தூரத்தில் வாழ்ந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். எதுவாயினும், பின்னர் நடந்தவற்றைக் கொண்டு பார்க்கையில், அந்தத் தெரிவு சரியானதன்று என்று சொல்ல நான் தயங்கவில்லை. அவரின்றியும் அக்குழு வென்றது என்பது அவருக்கு இழைக்கப்பட்ட குறையை நீக்கிவிடாது.

அட்லாண்டாவின் உற்சாகத்திலிருந்து ஒன்றுக்கு இரண்டாக லீக்குகள் பிறந்தன. அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் 1996 அக்டோபரில் குளிர்காலப் பருவத்தில் ஆடத் தொடங்கியது. ஆடவருக்கான என்.பி.ஏ. நிறுவனத்தின் பண பலத்தோடும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களோடும் எழுந்த டபிள்யூ.என்.பி.ஏ., 1997 ஜூன் 21-ஆம் தேதி எட்டுக் குழுக்களோடு கோடைப் பருவத்தில் ஆரம்பமாயிற்று. இந்த இரண்டின் போட்டியும் அதன் முடிவும் தனியே எழுதத் தக்கவை. இப்போது நமக்கு வேண்டியது இவ்வளவே: 1997 ஜனவரியில் டபிள்யூ.என்.பி.ஏ. தன் பதினாறு முதன்மை ஆட்டக்காரரைக் குழுவுக்கு இருவராகப் பங்கிட்டபோது, ஹூஸ்டன் காமெட்ஸ் குழுவுக்கு ஷெரில் ஸ்வூப்ஸும் சிந்தியா கூப்பரும் வந்தார்கள்.

விளம்பரங்களெல்லாம் ஸ்வூப்ஸுக்காகச் செய்யப்பட்டவை. டெக்ஸஸ் மாநிலத்தவர், ஒலிம்பிக் வீராங்கனை, தம் பெயரால் காலணியே விற்கப்பட்டவர் அவர். கூப்பரை ஹூஸ்டன் நகரத்தார் அறியார். ஆனால் ஸ்வூப்ஸ் அப்போது கருவுற்றிருந்தார். லீக் தொடங்கி நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 25-இல், ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். பிரசவித்த ஆறு வாரங்களில் அவர் களத்துக்குத் திரும்பியது தனியே போற்றத்தக்க வரலாறு. அந்த இடைவெளியில் குழுவைத் தாங்கும் பாரம், யாரும் எதிர்பாராத தோள்களில் வந்து விழுந்தது. அந்தத் தோள்களுக்கு அது புதிதன்று; பதினோரு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் சுமந்த பாரம்தான்.

மிஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பயிற்றாசிரியர் வான் சான்ஸலர், தமக்குக் கிடைத்திருப்பது இன்னதென்று விரைவிலேயே உணர்ந்து, ஆட்டத்தைக் கூப்பரைச் சுற்றி அமைத்தார். ஜூலை 25-ஆம் தேதி சாக்ரமென்டோ குழுவுக்கு எதிராக அவர் ஒருவரே 44 புள்ளிகள் எடுத்தார்; அந்த லீக்கில் ஒருவர் நாற்பதைத் தாண்டியது அதுவே முதல் தடவை. பருவம் முழுவதும் சராசரியாக ஆட்டத்துக்கு 22.2 புள்ளிகள். புள்ளி விழுந்தவுடன் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்து, கூரையை உயர்த்துவது போல அவர் செய்த அபிநயத்தை, அரங்கிலே பல்லாயிரம் பேர் உடன் செய்தார்கள். சிறுமியர் தெருக்களில் செய்தார்கள். ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஹூஸ்டன் ஸம்மிட் அரங்கில் 16,285 பேர் பார்த்திருக்க, நியூயார்க் லிபர்ட்டியை 65–51 என்று வென்று காமெட்ஸ் முதல் பட்டத்தைக் கைக்கொண்டது. அன்று கூப்பர் எடுத்தவை 25 புள்ளிகள். லீக்கின் சிறந்த வீராங்கனை, இறுதி ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை என்ற இரு விருதுகளும் அவருக்கே கிடைத்தன.

அடுத்த ஆண்டு, 1998-இல், காமெட்ஸ் 30 ஆட்டங்களில் 27-ஐ வென்றது. அந்த லீக்கின் எந்தக் குழுவும் அந்த விகிதத்தை எட்டியதில்லை. பயிற்சி முகாமில் தேர்வில் நின்று இடம்பிடித்த குட்டையான கிம் பெரோ பந்தைக் கொண்டுவந்து கொடுக்க, கூப்பரும் ஸ்வூப்ஸும் இரு பக்கங்களில் நிற்க, இளைஞரான டீனா தாம்சன் கூடையடியில் உயர்ந்து நிற்க, எதிர்த்து வந்தவர்கள் யாரை மறிப்பதென்று அறியாமல் திகைத்தார்கள். ஆயினும் இறுதிச் சுற்றில் பீனிக்ஸ் மெர்குரி முதல் ஆட்டத்தை 54–51 என்று வென்றது. இரண்டாம் ஆட்டத்திலும் ஏழு நிமிஷங்களே மிஞ்சியிருக்கையில் பீனிக்ஸ் 12 புள்ளிகள் முன்னே நின்றது. அந்த பீனிக்ஸ் குழுவின் பயிற்றாசிரியர் யார் தெரியுமா? ஷெரில் மில்லர். பல்கலைக்கழகத்தில் யாருடைய ஒளியில் கூப்பர் மறைந்து நின்றாரோ அவரேதான். முழங்கால் பழுதுற்றதால் மில்லருடைய ஆட்ட வாழ்வு இளமையிலேயே முடிந்திருந்தது. அமெரிக்காவில் தொழில்முறை லீக் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே அந்த மகத்தான வீராங்கனை ஓய்ந்துவிட்டார். இருபத்தைந்து வயதில் லீக் கிடைத்திருந்தால் மில்லர் என்னவாயிருப்பார் என்ற கேள்விக்கு விடை சொல்வார் ஒருவருமில்லை. கூப்பரோ அந்த இரவில் 27 புள்ளிகள் எடுத்து, கூடுதல் நேரத்தில் 74–69 என்று ஆட்டத்தை மீட்டார். மூன்றாம் ஆட்டமும் ஹூஸ்டனுடையதாயிற்று.

1999-ஆம் ஆண்டைப் பற்றி எழுதுவதற்குக் கை தயங்குகிறது. எட்டுக் குழந்தைகளைத் தனித்து வளர்த்த தாய் மேரி காப்ஸ், மார்பகப் புற்றுநோயோடு போராடியபடியே மகளின் இரண்டு பட்டங்களைக் கண்டவர், அவ்வாண்டு பிப்ரவரியில் காலமானார். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளிலெல்லாம் கூப்பர் அனுப்பிய பணமும் நினைவும் சென்றடைந்த இடம் அந்தத் தாய்; ஹூஸ்டனில் மகளுடைய வீட்டில் இறுதி நாட்களைக் கழித்தாவது மகளின் ஆட்டத்தை நேரே காண அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது. அதே பிப்ரவரியில், குழுவின் பந்தைக் கொண்டுசெல்லும் கிம் பெரோவுக்கு நுரையீரலில் தோன்றி மூளைக்கும் பரவிய புற்றுநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

பெரோவைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் மேலே செல்லலாகாது. லூசியானா மாநிலத்தின் லாபயெட்டில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். கல்லூரிக்குப் பின் அவரும் ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த குழுக்களில் ஆடித் திரிந்தவரே. 1997-இல் எந்தக் குழுவும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாமாக வந்து தேர்வில் நின்று இடத்தைப் பெற்றார். கூப்பரும் அவரும் நெருங்கிய தோழிகளாயினர். ஒரே வகையான அயல்வாசத்தை அனுபவித்தவர்களுக்குள்ளே அத்தகைய நட்பு எளிதில் கிளைக்கும் என்பதில் ஆச்சரியமில்லை. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மெக்ஸிகோ தேசம் வரையில் சென்று தேடிய மாற்று வைத்தியம் ஆகிய எவையும் பலிக்காமல், ஆகஸ்ட் 19-ஆம் தேதி பெரோ முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். பருவம் முடியவில்லை. குழு ஆடியாக வேண்டியிருந்தது.

அந்த மனநிலையில் அவர்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். முதல் ஆட்டத்தை நியூயார்க்கில் வென்றார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி ஹூஸ்டனில் இரண்டாம் ஆட்டம்; கடைசி விநாடிகளில் டீனா தாம்சன் எடுத்த புள்ளிகளால் 67–65 என்று முன்னே வந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தவை 2.4 விநாடிகள். அரங்கத்தில் வண்ணக் காகிதத் துண்டுகள் பொழியவும் தொடங்கிவிட்டன. அப்போது நியூயார்க்கின் தெரேசா வெதர்ஸ்பூன் பந்தைப் பெற்று, பாதிக் களத்துக்கு அப்பாலிருந்தே கூடையை நோக்கி வீசினார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது, 68–67. இந்த ஒரு வீச்சைப் பற்றி அமெரிக்காவில் இன்றும் பேசுகிறார்கள். பேசுவோர் பலர், மறுநாள் நடந்ததைச் சொல்வதில்லை. மறுநாள், செப்டம்பர் 5-ஆம் தேதி, இழந்த வெற்றியின் அயர்வோடும் இழந்த தோழியின் துக்கத்தோடும் களமிறங்கிய காமெட்ஸ், 59–47 என்று வென்று மூன்றாம் பட்டத்தைப் பெற்றது. கூப்பர் 24 புள்ளிகள் எடுத்தார். ஜனங்கள் பெரோவின் எண்ணாகிய பத்தைக் குறிப்பிட்டு, பத்தாம் எண்ணுக்காக மூன்றாம் பட்டம் என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்தனர். கூப்பர் தோழியின் சட்டையைக் கையில் ஏந்தி நின்றார். நேர்மையான ஆட்டத்துக்காக அந்த லீக் ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்குப் பெரோவின் பெயரே பின்னர் சூட்டப்பட்டது.

2000-ஆம் ஆண்டு நான்காம் பட்டம். மீண்டும் நியூயார்க், மீண்டும் ஹூஸ்டன். இரண்டாம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று 79–73 என்று முடிந்தது. நான்கு இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த வீராங்கனை என்ற விருது ஒருவருக்கே சென்றது. அத்துடன் முப்பத்தேழாம் வயதில் கூப்பர் ஓய்வு பெற்றார். பீனிக்ஸ் குழுவுக்குச் சில காலம் பயிற்சியளித்துவிட்டு, 2003-இல் நாற்பதாம் வயதில் ஹூஸ்டனுக்குத் திரும்பி வந்து நான்கு ஆட்டங்கள் ஆடினார். தோள்பட்டைக் காயம் அதற்கு மேல் இடந்தரவில்லை. அதன்பின் பல கல்லூரிகளில் பயிற்றாசிரியராயிருந்த காலம் நீண்டது. பிரெய்ரி வியூ கல்லூரியின் குழுவை 2007-இல் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தொழிலில் வெற்றியும் உண்டு, சர்ச்சையும் உண்டு. அது இந்தத் தொடருக்கு வெளியே நிற்கும் விஷயம்.

டபிள்யூ.என்.பி.ஏ.யில் அவர் ஆடியவை மொத்தம் 124 ஆட்டங்கள். சராசரி ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். இந்த எண்ணைக் கொண்டு அவரை அளப்பவர்கள், பிற்காலத்தில் பத்துப் பதினைந்து பருவங்கள் ஆடியவர்களுடைய மொத்தப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, பட்டியலில் வெகு கீழே அவரை வைக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்மீது குற்றமில்லை. லீக் தன் கணக்கை மட்டுமே வைத்திருக்கும். ஆனால் சரித்திரம் எழுதுபவன் அந்தக் கணக்கோடு நின்றுவிடலாகாது. இருபத்து மூன்று வயதிலிருந்து முப்பத்து நான்கு வயது வரையில் எந்த உடலும் தன் உச்சத்தில் இருக்கும். அந்த உச்சத்தை ஹூஸ்டன் பார்க்கவில்லை; பெடேராவும் பார்மாவும் அல்காமோவும் பார்த்தன. ஹூஸ்டன் கண்டது, மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் எஞ்சியதைக் கொண்டு செய்த காரியத்தை. எஞ்சியதே அவ்வளவாயின், முழுமை எவ்வளவாயிருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் கோபத்தையே தருகிறது. அவர் ஒருவரைப் பற்றி மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. 1981-க்கும் 1996-க்கும் இடையில் கல்லூரியை முடித்த அமெரிக்கப் பெண்களில், ஜப்பானிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் ஆடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களிற் பெரும்பாலோர்க்கு ஹூஸ்டன் வாய்க்கவேயில்லை. மூட்டு தேய்ந்து, அயல்தேச அரங்கமொன்றிலே கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, தாய்நாட்டுப் பத்திரிகையில் ஒரு வரியும் வராமல் வீடு திரும்பினார்கள்.

2010 ஆகஸ்டில், கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்பீல்டு நகரத்தின் புகழ்மண்டபத்தில் கூப்பரின் பெயர் சேர்க்கப்பட்டது. அன்று அவரோடு ஒரே மேடையில் கௌரவிக்கப்பட்டவர்களுள், 1992-ஆம் ஆண்டு பார்ஸிலோனாவில் ஆடிய அமெரிக்க ஆடவர் குழுவும் ஒன்று. காமெட்ஸ் குழுவோ அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், வாங்குவாரின்றிக் கலைக்கப்பட்டுவிட்டது. அந்தக் குழு பட்டம் வென்ற ஸம்மிட் அரங்கம் இப்போது ஒரு பெரிய கிறிஸ்தவ சபையின் ஆராதனைக் கூடமாக இருக்கிறது. முதல் நான்கு பட்டங்களையும் தொடர்ந்து வென்ற குழுவே இல்லாமற் போகலாம் என்றால், லீக்கின் பொருளாதாரம் எத்தகைய அஸ்திவாரத்தின்மேல் நின்றது என்பதை ஆராயாமல் இந்த வரலாறு நகர முடியாது. 1998 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, தன் ஆட்டக்காரருக்கு அதிகச் சம்பளம் கொடுத்துவந்த அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் கதவை மூடியது ஏன், அதன் வீராங்கனைகள் எங்கே சென்றார்கள், எஞ்சி நின்ற லீக்கில் சம்பளங்கள் எவ்விதம் அமைந்தன என்பவற்றை அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)